உதைத்த பக்கம் போகாத ஆமை

இயந்திரவியல் பாடத்துக்கு மாணவர் வெறும் மனத்தோடு வருவதில்லை. தள்ளினால்தான் பொருள் நகரும், தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடும், தள்ளிய பக்கம்தான் போகும் என்பவை சிறு வயதிலிருந்தே அனுபவம் கற்றுக்கொடுத்த விதிகள். தரையில் உருளும் பந்து அவற்றை நாள்தோறும் உறுதிப்படுத்துகிறது. நியூட்டனின் முதல் விதியோ, வெளிவிசை இல்லாவிட்டால் ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்கிறது. உராய்வே இல்லாத தரையை வகுப்பறையில் காட்ட முடியாது. அதனால் மாணவர் விதியை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்; பழைய எண்ணம் அப்படியே இருந்துவிடுகிறது. அந்த உராய்வற்ற தரையைக் கணினித் திரையில் உண்டாக்கிவிடலாம். இயக்கத்தை உருவகப்படுத்தும் மென்பொருள், அதாவது சிமுலேஷன், இங்குதான் உதவுகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது அமெரிக்க ஆய்வாளர் ஆண்ட்ரியா டிசெஸ்ஸா 1982-இல் வெளியிட்ட ஆய்வு. குழந்தைகளுக்கான ‘லோகோ’ கணினி மொழியில் திரையில் நகரும் ‘ஆமை’ ஒன்று உண்டு. அதை அவர் நியூட்டன் விதிப்படி இயங்கச் செய்தார். ஆமையைத் திருப்பலாம், உதைக்கலாம். இலக்கில் கொண்டுபோய் மோதவைக்க வேண்டும். மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் ஆமையை வலப்பக்கம் செலுத்த, தொடக்கப்பள்ளி மாணவர்கள் அதை வலப்பக்கம் திருப்பி உதைத்தார்கள். ஆமை வலப்பக்கம் போகவில்லை, மூலைவாட்டில் சாய்ந்து ஓடியது. ஏற்கெனவே இருந்த திசைவேகம் அழியவில்லை. புதியது அதோடு கூடிக்கொண்டது. இன்னும் கவனிக்க வேண்டிய செய்தி, கல்லூரியில் இயற்பியல் படித்த ஒரு மாணவியும் கிட்டத்தட்ட குழந்தைகளின் வழிகளையே கையாண்டார் என்பது. வகுப்பில் கேட்ட இயற்பியல் அவருடைய உள்ளுணர்வைத் தொடவே இல்லை.

1989-இல் ‘இன்டராக்டிவ் பிசிக்ஸ்’ வந்தது. திரையில் சுருள்வில், கயிறு, சக்கரம் ஆகியவற்றை வரைந்து ஓடவிடும் இரு பரிமாண ஆய்வகம் அது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பசூக்கிதான் பின்னாளில் ‘ரோப்லாக்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘ஃபெட்’ என்ற சிமுலேஷன் திட்டத்தைத் தொடங்கினார். எறிபொருள், ஊசல், சுருள்வில், சறுக்குப்பலகையில் ஆற்றல் மாற்றம் எனப் பள்ளி இயந்திரவியலின் பெரும்பகுதி அதில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் சில வந்துள்ளன.

இத்தகைய மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே நடப்பது எளிய கூட்டல்தான். காலத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் விசையிலிருந்து முடுக்கத்தையும், முடுக்கத்திலிருந்து புதிய திசைவேகத்தையும், அதிலிருந்து புதிய இடத்தையும் கணிப்பது. துண்டின் அளவு முக்கியம். ஓய்விலிருந்து விழும் கல் 1 நொடியில் 4.9 மீட்டர் விழ வேண்டும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத் திசைவேகத்தை மட்டும் கொண்டு, 0.1 நொடித் துண்டுகளாகக் கூட்டினால் 4.41 மீட்டர்தான் வரும், 0.01 நொடியாக்கினால் 4.85 வரும். பதினோராம் வகுப்பு மாணவர் இதை ஒரு விரிதாளில் தாமே செய்துவிடலாம். செய்ய வேண்டும் என்றே சொல்லலாம். நுண்கணிதத்தின் கருத்து இதைவிட எளிதாகப் பிடிபடும் இடம் அரிது.

வகுப்பில் சிமுலேஷனைக் கையாளும் முறையில்தான் பலன் இருக்கிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 30 பாகையிலும் 60 பாகையிலும் எறிந்த இரு பந்துகளில் எது தொலைவில் விழும்? விடையை எழுதிய பிறகே ஓடவிட வேண்டும். இரண்டும் சுமார் 35 மீட்டரில் விழுவதைக் கண்டதும் ‘ஏன்’ என்ற கேள்வி மாணவரிடமிருந்தே எழும். பிறகு காற்றுத்தடையைச் சேர்த்தால் அந்தச் சமநிலை குலைகிறது, பரவளையமும் சிதைகிறது. கணிப்பு எழுதாமல் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்துவது வேடிக்கை பார்ப்பதோடு முடிந்துபோகும். ரிச்சர்ட் ஹேக் 1998-இல் வெளியிட்ட, ஏறத்தாழ 6,000 மாணவர்களை உள்ளடக்கிய ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது: மாணவர் யோசித்து, விவாதித்து, உடனுக்குடன் பதில் பெற்ற வகுப்புகளில், இயந்திரவியல் புரிதலின் முன்னேற்றம் விரிவுரை வகுப்புகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

திரைக்கு வரம்பும் உண்டு. எழுதியவர் சேர்த்த விதிகள் மட்டுமே அதில் இயங்கும். அளவீட்டுப் பிழை, நழுவும் முடிச்சு, தாமதமாக அழுத்திய நிறுத்துக்கடிகாரம் ஆகியவற்றை அது கற்றுத்தராது. எனவே ஊசல் சிமுலேஷனை ஓட்டும் நாளிலேயே 1 மீட்டர் நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அலைவுநேரம் 2 நொடி வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இதற்குத் தனி ஆய்வகம் தேவையில்லை. ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் போதும். ஓடவிடும் பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு மாணவரும் தம் கணிப்பை நோட்டில் எழுதிவிட்டாரா என்று மட்டும் ஆசிரியர்கள் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.