ஷைலாக் எத்தனை வட்டிக்கு விட்டான்?

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு 'வெனிஸ் நகர வணிகன்' கோர்ட் சீனைத் தமிழில் போடலாம்னு எங்க செட்டுல முடிவாச்சு. ரிகர்சல் வீடியோவை இலஞ்சி வீட்டுல ஆச்சிகிட்ட காட்டினேன். முழுசாப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "இந்தப் பய எத்தன வட்டிக்கு விட்டாம்ல?"

பதில் தெரியல. நாடகத்தைத் திரும்பப் புரட்டினேன். ஆச்சரியம் என்னன்னா, அந்தக் கடனுக்கு வட்டியே கிடையாது! மூவாயிரம் டக்கட் பணம், மூணு மாசத் தவணை, தவறினா அந்தோனியோ உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை. அவ்வளவுதான் பத்திரம். கோர்ட்டில் அசலைப் போல மூணு மடங்கு தர்றோம்னு சொல்லியும் ஷைலாக் வாங்க மாட்டேங்கிறான். அவனுக்கு வேண்டியது பணமே இல்லை. ஊரறிய அவனைக் காறித் துப்பினவன் அந்தோனியோ. அந்தக் கணக்கைத்தான் தீர்க்கப் பார்க்கிறான்.

ஆனா நம்ம ஊர்ல யார் பார்த்தாலும் ஆச்சி கேட்டதைத்தான் கேட்பாங்க. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு. அப்புறமும் 2017 அக்டோபரில், கடையநல்லூர் பக்கம் காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் உயிரை விட்டது. அதை மறக்காத ஜனங்க முன்னாடி ஒரு கடன்காரக் கதையை ஏத்துறோம். கைதட்டல் எந்தப் பக்கம் விழும்னு யோசிக்கவே வேண்டாம்.

இந்தக் கைதட்டல் விவகாரம்தான் இந்த நாடகத்தோட மேடை வரலாறே. 1623-ல் வந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில் இது நகைச்சுவை நாடகங்களோடுதான் இருக்கு. 1701-ல் கிரான்வில் என்பவர் திருத்தி எழுதினப்போ, ஷைலாக் வேஷம் கட்டினது டாகெட்னு ஒரு காமெடி நடிகர். 1741-ல் சார்லஸ் மாக்லின் அவனைப் பயங்கரமான வில்லனாக்கினார். 1814-ல் எட்மண்ட் கீன் வழக்கமான சிவப்பு விக்கைத் தூக்கிப்போட்டுக் கறுப்பு விக்கோடு வந்தார். சிரிக்க வந்த கூட்டம் மிரண்டுபோச்சு. 1879-ல் ஹென்றி இர்விங் அவனைக் கண்ணியமான, அடிபட்ட மனுஷனாகக் காட்டினார். அந்த நாடகம் 250 இரவு ஓடினது. ஆனா 1943-ல், நாஜி ஆட்சியில், வியன்னாவில் இதே நாடகம் யூதர்கள் மேல் வெறுப்பை வளர்க்க மேடை ஏறியது. எழுத்து என்னவோ அதேதான்.

தமிழுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினவர். ஹாம்லெட் இவர் கையில் 'அமலாதித்யன்' ஆனான், மாக்பெத் 'மகபதி' ஆனான். இந்த நாடகம் 'வாணீபுர வணிகன்' ஆச்சு. கூத்தாடிப் பிழைப்புன்னு படித்தவங்க முகம் சுளித்த காலத்தில், வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் வேஷம் கட்ட வைத்தது இந்த சபை. பெண் வேஷமும் ஆண்களே கட்டினாங்க. அப்படின்னா, கோர்ட் சீனில் ஒரு ஆண், பெண்ணாகி, அந்தப் பெண் மறுபடி ஆண் வக்கீலாக நிற்பாள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் இதே கூத்துதான்.

எனக்கு இன்னொரு விஷயம் ரொம்பப் பிடிச்சது. பம்மலே வக்கீல், பிறகு சென்னை ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் நீதிபதி. சில்லறைக் கடன் வழக்குகள் வரும் கோர்ட் அது. பத்திரத்தை நீட்டிக்கிட்டு நிற்கிறவனையும், தவணை தவறித் தலைகுனிஞ்சு நிற்கிறவனையும் அவர் மேடையில் மட்டுமா பார்த்திருப்பார்?

சபை 1911-ல் இலங்கைக்கும் போய் நாடகம் போட்டது. அந்தத் தாக்கத்தில் 1913-ல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை பிறந்தது. அதில் முன்னால் நின்ற கலையரசு சொர்ணலிங்கத்துக்குப் பம்மல்தான் குரு.

எங்க ரிகர்சல்ல இப்போ சண்டையே முடிவு பத்தித்தான். மூலத்தில் ஷைலாக் சொத்தை இழக்கிறான். மதம் மாறணும்னும் தீர்ப்பு. உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வெளியேறிடுவான். மிச்ச நாடகம் கல்யாணம், மோதிரம், சிரிப்பு. "மதம் மாத்துறதை வெட்டிரு, வம்பு" என்கிறான் போர்ஷியா வேஷம் போடுறவன். வெட்டினா, கந்துவட்டிக்காரன் தோத்தான்னு ஜனங்க சந்தோஷமா விசில் அடிப்பாங்க. வெட்டாம விட்டா விசில் பாதியில நிக்கும். நான் வெட்டக்கூடாதுங்கிற கட்சி. இதுவரைக்கும் மூணுக்கு நாலு ஓட்டில் தோத்துக்கிட்டு இருக்கோம். ஆச்சிக்கு ஓட்டு உண்டான்னு கேட்டிருக்கேன்.