பளபளக்கும் அட்டையில் பேனா பிடிக்காது
பெயரட்டைக்குத் தாள் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டிலிருந்தபடியே விருந்துச் சமையல் தொழிலைத் தொடங்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஐந்நூறு பெயரட்டைகள் அச்சடிக்கிறார். அச்சகத்தில் காட்டிய மாதிரிகளில் பளபளப்பான அட்டைதான் அவர் கண்ணைப் பறிக்கிறது. அதையே தேர்ந்தெடுக்கிறார். முதல் வாரத்திலேயே கோயிலில் ஒருவர், “நூறு பேர் சாப்பாட்டுக்கு என்ன விலை ஆகும்?” என்று விசாரிக்கிறார். கணக்குப் போட்டு, அட்டையின் பின்புறத்தில் விலையை எழுதிக் கொடுக்கப் பார்க்கிறார். பேனா வழுக்குகிறது. வேறு பேனாவால் எழுதினாலும் மை காய்வதற்குள் விரல் பட்டுக் கலைந்துவிடுகிறது. வாங்கிச் சென்றவரின் சட்டைப் பையில் மிஞ்சியது ஒரு நீலக் கறை. விலை தெரியவில்லை, அழைப்பும் வரவில்லை.

சிறுதொழில் செய்யும் பலருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ‘நேம் கார்டு’ என்றால் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தால் போதும், அழகாக இருந்தால் இன்னும் நல்லது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அந்த அட்டை யார் கைக்குப் போகிறது, அவர் அதை என்ன செய்யப் போகிறார் என்ற கேள்வி அச்சகத்தில் எழுவதே இல்லை.

கனமும் பூச்சும்

தாளின் கனம் ‘ஜிஎஸ்எம்’ என்ற அளவில் சொல்லப்படுகிறது. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அதன் பொருள். அலுவலக நகல் இயந்திரத்தில் போடும் தாள் 70 அல்லது 80 கிராம். பெயரட்டைக்கு 250 முதல் 350 கிராம் வரை பயன்படுத்துவது வழக்கம். 250க்குக் கீழே போனால் அட்டை வளையும். கொடுப்பவருக்கே கூச்சமாக இருக்கும்.

அடுத்தது தாளின் மேற்பரப்பு. ‘ஆர்ட் கார்டு’ எனப்படும் அட்டையின் மேல் களிமண் அல்லது கால்சியம் கார்பனேட் கலந்த மெல்லிய பூச்சு உண்டு. மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதால் படங்களும் வண்ணங்களும் துல்லியமாகத் தெரியும். பூச்சில்லாத தாளில் மை இழைகளுக்குள் இறங்கிவிடும். வண்ணம் சற்றே அடங்கித் தெரியும். ஆனால் பேனா நன்றாகப் பிடிக்கும்.

இங்கே தமிழருக்குக் கூடுதலாக ஒரு கவனம் தேவை. பூச்சில்லாத தாளில் மை கொஞ்சம் பரவும். ஆங்கில எழுத்துக்கு அது பெரிய தொல்லை இல்லை. ‘ஞ’, ‘ணை’, ‘கௌ’ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகளைப் பொடியாக அச்சிட்டால் சுழிகள் அடைபட்டுவிடும், புள்ளிகளும் கரைந்துவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் சிக்கல் இன்னும் அதிகம். அத்தகைய தாளில் தமிழ்ப் பெயரைச் சற்றுப் பெரிதாகவே போட வேண்டும்.

பளபளப்பு, மங்கல், பொன்னிறம்

அச்சடித்த பிறகு அட்டையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுவதே லேமினேஷன். இதில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. பளபளப்பு வகை வண்ணங்களை எடுப்பாகக் காட்டும். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசும். மங்கல் வகை, அதாவது ‘மேட்’, வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் படிக்க எளிது. தொட்டால் வழவழப்பாக இருக்கும். ஆனால் கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறத்தின் மேல் இதை ஒட்டினால் எண்ணெய்க் கைரேகையும் கீறலும் அப்படியே தெரியும்.

‘யூவி’ பூச்சு என்பது வேறு. திரவத்தைத் தடவி, புற ஊதாக் கதிர் விளக்கின் அடியில் நொடியில் உலர்த்துவார்கள். மங்கல் படலத்தின் மேல் நிறுவனச் சின்னத்துக்கு மட்டும் இந்தப் பூச்சைக் கொடுத்தால் அந்த இடம் மட்டும் மின்னும். அதற்கு ‘ஸ்பாட் யூவி’ என்று பெயர்.

பொன்னிறம் நம்மவர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் சாதாரண நான்கு வண்ண அச்சில் உண்மையான பொன் மினுமினுப்பு வராது. பழுப்பு கலந்த மஞ்சள்தான் வரும். மின்ன வேண்டுமென்றால் ‘ஹாட் ஸ்டாம்பிங்’ செய்ய வேண்டும். சூடேற்றிய உலோக அச்சு, பொன்னிறத் தகட்டுத் தாளை அட்டையில் பதிக்கும். இதற்குத் தனி அச்சு தேவை என்பதால் செலவு கூடும். மெல்லிய கோடுகளும் பொடி எழுத்துகளும் இதில் தெளிவாக விழுவது கடினம்.

ஈரக்காற்றின் வேலை

சிங்கப்பூர், மலேசியா இரண்டுமே ஆண்டு முழுதும் ஈரப்பதம் மிகுந்த நாடுகள். தாள் ஈரத்தை உறிஞ்சினால் விரியும். பிளாஸ்டிக் படலம் விரியாது. ஒரு பக்கம் மட்டும் படலம் ஒட்டிய மெல்லிய அட்டை, சில நாளில் அப்பளம் போல வளைவது இதனால்தான். இரு பக்கமும் ஒட்டினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் எழுத முடியாது. ஒரு பக்கம்தான் வேண்டும் என்றால் கனமான அட்டையை எடுத்து, பெட்டியை மூடியே வைக்க வேண்டும்.

தொழிலுக்கு ஏற்ற அட்டை

கார் பட்டறை, குழாய் பழுதுபார்ப்பு, மீன் வியாபாரம் போன்ற தொழில்களில் அட்டை எண்ணெயிலும் தண்ணீரிலும் புழங்கும். அவற்றுக்கு இருபக்கப் படலமே ஏற்றது. புகைப்படக் கலைஞருக்கும் அழகு நிலையத்துக்கும் படம் துல்லியமாகத் தெரியும் ஆர்ட் கார்டு பொருந்தும். கணக்காய்வாளர், வழக்கறிஞர் போன்றோருக்குக் கனமான, பூச்சில்லாத தாளே மதிப்பாக இருக்கும். சீன வாடிக்கையாளர்கள் பலர் பெயரட்டையை இரு கைகளாலும் வாங்கி, படித்துப் பார்த்த பிறகே உள்ளே வைப்பார்கள். அந்த ஒரு கணத்தில் தாளின் தரம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

மருந்தகம், துணைப்பாட வகுப்பு, தையற்கடை, சமையல் தொழில் போன்றவற்றில் அட்டையின் பின்புறம் ஒரு சிறு குறிப்பேடு. அடுத்த சந்திப்புத் தேதி, அளவு, விலை என்று எதையாவது எழுதியே கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பின்புறம் படலம் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. இருபக்க ஆர்ட் கார்டின் பின்புறத்திலும் பூச்சு இருப்பதால் ஜெல் பேனா மை அதில் சீக்கிரம் உலராது. ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள அட்டை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது பலர் கியூஆர் குறியீட்டையும் அட்டையில் சேர்க்கிறார்கள். அதைப் பொன்தகட்டிலோ, மேடு பள்ளமான தாளிலோ அச்சிட்டால் கைப்பேசி படிக்கத் தடுமாறும். பளபளப்பான அட்டையிலும் வெளிச்சம் பட்டால் இதே நிலைதான். சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, மங்கல் பரப்பில் அச்சிடுவதே பாதுகாப்பு. சுற்றுச்சூழலை நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டையை மறுபயனீடு செய்வது கடினம்.

பணம் கொடுக்கும் முன்பு

கணினித் திரையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. திரையில் தெரிவது ஒளி. அட்டையில் விழுவது மை. அச்சகத்தில் மாதிரி அட்டைகளைக் கேட்டு வாங்கி, வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். மூன்று வகைப் பேனாவால் எழுதி, ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஈர விரலால் தொட்டு, மூலையை மடக்கி, குழல் விளக்கின் கீழே வீட்டிலுள்ள பெரியவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். பணப்பையிலும் செருகிப் பார்க்க வேண்டும். இங்கு வழக்கத்தில் உள்ள 90க்கு 54 மில்லிமீட்டர் அட்டை, வங்கி அட்டையைவிட நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நீளமானது. சில பைகளில் துருத்திக்கொண்டு மூலை மடங்கும்.

எண்ணிக்கையிலும் நிதானம் வேண்டும். ஆயிரம் அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்பது உண்மைதான். தொலைபேசி எண் மாறிவிட்டால் மிச்சமெல்லாம் குப்பைக்குத்தான் போகும். தகடு தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் நூறு அட்டை மட்டும் அடித்துப் பார்க்கலாம். குறை தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

அந்தப் பெண்மணி அடுத்த முறை அச்சகத்துக்குப் போகும்போது கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள, 300 கிராமுக்குக் குறையாத அட்டை, முன்புறம் மங்கல் படலம், பின்புறம் வெறும் தாள், அதில் தேதிக்கும் விலைக்கும் இரண்டு கோடுகள். பளபளப்பு கொஞ்சம் குறையும். ஆனால் எழுதிய விலை, கேட்டவர் வீடு போய்ச் சேரும்வரை அழியாமல் இருக்கும்.