கண்ணாடியைக் கழற்றலாமா?

"தம்பி, உடனே புறப்பட்டு வா. விஷயம் ரொம்ப அவசரம்!"

திண்டுக்கல்லிலிருந்து அக்கா டெலிபோனில் இப்படிச் சொன்னால் தம்பிக்குக் கை கால் ஓடுமா? பதறிப் போய் ரயில் ஏறினேன். போய்ப் பார்த்தால் வீட்டில் எல்லோரும் பரம சௌக்கியம். அவசரம் எங்கே என்றால், அக்கா மகளின் மூக்கின் மேலே!

பெண்ணுக்கு இருபது வயது. காலேஜில் கடைசி வருஷம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மூக்குக் கண்ணாடி போடுகிறாள். சென்ற மாதம் ஒரு வரன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பையனுக்கு நல்ல உத்தியோகம், ஜாதகமும் பொருந்திவிட்டது. பையனின் அம்மா மட்டும் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள். அந்தக் கண்ணாடிதான்... இப்போதெல்லாம் லேசர் வைத்து ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுகிறார்களாமே!" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அவ்வளவுதான். தை பிறப்பதற்குள் லேசர் ஆபரேஷன் நடந்தாக வேண்டும் என்று அக்கா தீர்மானித்துவிட்டாள். "நீ நாலு எழுத்துப் படித்தவன். பத்திரிகையில் வேறு இருக்கிறாய். எங்களோடு மதுரைக்கு வந்து டாக்டரிடம் பேசு" என்றாள்.

சம்மதித்தேன். அதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி சுமக்கும் ஆசாமி நான். எனக்கும் முப்பத்தெட்டு வயதாகிறது. 'நாமும் கழற்றிப் போட்டுவிட்டால் என்ன?' என்று மழையில் நனைந்த கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் யோசித்ததுண்டு. நேயர்களில் பலரும் இப்படி யோசித்திருப்பீர்கள். ஆகவே நான் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

வான்கோழியில் தொடங்கிய கதை

இந்த லேசர் வைத்தியத்தின் மூலத்தைத் தேடிப் போனால் நம் ஊர்க்காரர் ஒருவரிடம் வந்து நிற்கிறது. சென்னையில் 1929-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்து, அமெரிக்கா சென்றவர் ரங்கசாமி சீனிவாசன். நியூயார்க் ராஜ்யத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் என்ற இருவர் அவருடைய சகாக்கள். 'எக்ஸைமர்' என்னும் ஒரு வகை லேசர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும். அது பிளாஸ்டிக்கைச் சூடாக்காமல், கருக்காமல், சீவி எடுத்தாற்போல் செதுக்குவதை அவர்கள் கண்டிருந்தார்கள். உயிருள்ள பிராணியின் சதையிலும் இது நடக்குமா என்பது அடுத்த கேள்வி.

1981 நவம்பரில் அமெரிக்கர்களின் நன்றித் திருநாள் வந்தது. அன்று வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. மறுநாள் சீனிவாசன் தம் வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பைப் பொட்டலம் கட்டி ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டு போனார். லேசரைப் பாய்ச்சினார். பள்ளம் சுத்தமாக விழுந்தது. சுற்றிலும் கருகிய அடையாளமே இல்லை! (நம் திண்டுக்கல்லாக இருந்தால் பிரியாணி எலும்பை எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் பிரியாணி மிஞ்சினால்தானே?)

பிறகு ஸ்டீபன் ட்ரோக்கல் என்னும் கண் டாக்டரும் சேர்ந்துகொண்டார். இதே கதிரால் கண்ணின் முன்புறக் கண்ணாடி போன்ற 'கார்னியா'வைச் செதுக்கலாம் என்று 1983-இல் அவர்கள் எழுதினார்கள். 1995-இல் அமெரிக்க அரசாங்கம் இந்த வைத்தியத்தை அங்கீகரித்தது. சீனிவாசனுக்கும் சகாக்களுக்கும் 2013-இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒபாமா பதக்கம் அணிவித்தார்.

சரி, கார்னியாவை ஏன் செதுக்க வேண்டும்? கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண் சற்று நீண்டு போயிருக்கும். வெளிச்சம் விழித்திரைக்கு வந்து சேருமுன்பே குவிந்துவிடுகிறது. தூரத்துப் பஸ்ஸின் பலகை மங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி அந்தக் குவியலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. லேசரோ கார்னியாவின் நடுவை லேசாகச் சீவித் தட்டையாக்கி, அதே காரியத்தைக் கண்ணிலேயே செய்துவிடுகிறது.

பூட்டுக்காரர் சொன்னது

மதுரைக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, அக்கா வீட்டு அலமாரிப் பூட்டுக்குச் சாவி செய்து வாங்க ஒரு பூட்டுப் பட்டறைக்குப் போனேன். திண்டுக்கல் பூட்டின் பெருமையை நான் சொல்ல வேண்டுமா? 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அல்லவா! பட்டறைப் பெரியவர் சாவியைப் பூட்டில் நுழைத்துப் பார்ப்பார். வெளியே எடுத்து அரத்தால் ஓர் இழுப்பு இழுப்பார். மறுபடி நுழைத்துப் பார்ப்பார். நாலு தடவை பார்த்தால் ஒரு தடவைதான் ராவுகிறார்.

"ஏன் ஐயா இவ்வளவு நிதானம்?" என்றேன்.

"ராவினதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது, தம்பி. அளந்து பார்க்கிறதுக்குக் கூலி கிடையாதுதான். ஆனா அதுதான் வேலையே" என்றார் அவர், தம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து.

மறுநாள் மதுரையில் டாக்டர் அம்மாள் இரண்டு மணி நேரம் எங்களுக்குச் சொன்னதெல்லாம், பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதன் விரிவுரைதான்.

அளவுகளின் திருவிழா

திண்டுக்கல்லிலிருந்து மதுரை அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காலையிலேயே போய்விட்டோம். 'ஐந்து நிமிஷ வைத்தியம்' என்று நினைத்துப் போன அக்கா திகைத்துப் போனாள். கதிர் பாயும் நேரம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கலாம்; ஆனால் அதற்கு முன் நடக்கும் சோதனைகள் பாதி நாளை விழுங்கிவிடுகின்றன. பவர் பார்த்தார்கள். கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்று பார்த்தார்கள். கார்னியாவின் மேடு பள்ளத்தைக் காட்டும் வண்ணப்படம் எடுத்தார்கள். அதன் கனத்தை அளந்தார்கள். பாப்பாவை விரிக்கும் மருந்தை விட்டு விழித்திரையைச் சோதித்தார்கள்.

பிறகு டாக்டர் அம்மாள் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். உங்கள் பெண்ணின் கார்னியா 530 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். லாஸிக் முறையில் மேலே 110 மைக்ரான் கனத்தில் ஒரு மடலை நறுக்கித் திறப்போம். உள்ளே ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் வீதம் சீவ வேண்டும். இவளுக்கு மைனஸ் நாலரை, அதற்கு 68. இரண்டும் போக அடியில் 352 நிற்கிறது. 300-க்குக் குறையாமல் நின்றால் நல்லது."

"அப்படியானால் செய்துவிடலாமே!" என்று அக்கா முகம் மலர்ந்தாள்.

"கனம் இருக்கிறது, அம்மா. ஆனால் பவர் நிற்கவில்லை. போன வருஷச் சீட்டில் மைனஸ் மூன்றே முக்கால். இப்போது நாலரை. கண் இன்னும் வளர்கிறது. இன்றைக்குச் சீவினால், நாளைக்கு அது வளர்ந்து மறுபடியும் கண்ணாடி கேட்கும். மறுபடியும் சீவக் கார்னியாவுக்கு எங்கே போவது? குறைந்தது ஒரு வருஷமாவது பவர் மாறாமல் நிற்கட்டும். அப்புறம் வாருங்கள்."

அக்காவுக்குத் தொண்டை அடைத்தது. "வரன் ஒன்று வந்திருக்கிறது, டாக்டர்..." என்றாள்.

டாக்டர் அம்மாள் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உனக்குக் கண்ணாடி தொந்தரவாக இருக்கிறதா, அம்மா?"

பெண் சற்று யோசித்தாள். "இல்லை, டாக்டர். எனக்கு ஒன்றும் தொந்தரவு இல்லை" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

யாருக்கு ஆகும்? யாருக்கு ஆகாது?

இதைக் கேட்டுவிட்டு, 'லேசரே வேண்டாம் போலிருக்கிறது' என்று நேயர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கபடி வீரன் இருக்கிறான். கண்ணாடி போட்டுக்கொண்டு கபடி ஆட முடியுமா? ஆறு வருஷத்துக்கு முன் லேசர் செய்துகொண்டான். முகத்தில் அடிபடும் ஆட்டம் என்பதால், மடல் நறுக்காமல் மேல் தோலை மட்டும் விலக்கிச் சீவும் முறையை டாக்டர் சொன்னாராம். மூன்று நாள் கண் எரிந்தது. பார்வை நன்றாகத் தெளியச் சில வாரங்கள் ஆயின. இன்று பையன் சந்தோஷமாக ஆடுகிறான். 'ஸ்மைல்' என்று இன்னொரு முறையும் உண்டு. அதில் பெரிய மடல் கிடையாது; சிறு கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை எடுத்துவிடுவார்கள். பொருத்தமான கண்ணாக இருந்தால் செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் திருப்தியோடுதான் இருக்கிறார்கள்.

பொருத்தம் என்பதுதான் முக்கியம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும் பொறுத்திருக்க வேண்டும். கண் வறண்டு போகிறவர்கள் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். கார்னியா மெலிந்து கூம்பு போல் பிதுங்கும் நோய் ஒன்று இருக்கிறது. அது ஆரம்ப நிலையில் வெளியே தெரியாது, வண்ணப்படத்தில்தான் தெரியும். அந்தக் கண்ணில் லேசர் வைத்துவிட்டால் பிதுக்கம் அதிகமாகிப் பார்வையே கெட்டுவிடும். குழந்தைகள் கண்ணை ஓயாமல் கசக்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உறவு உண்டு.

செய்துகொண்ட பிறகும் சில மாதம் கண் வறட்சி இருக்கலாம். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். அநேகருக்கு இவை குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், டாக்டர் சொல்லும் காலத்துக்குக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சோதனைக்கே போக வேண்டும். ராணுவம், ரயில்வே போன்ற உத்தியோகங்களுக்கு முயல்கிறவர்கள், லேசர் செய்தவர்களைப் பற்றிய விதிகளை முதலில் படித்துவிடுவது நலம்.

இன்னொரு விஷயம். லேசர் கண்ணாடியைத்தான் எடுக்கிறது, கிட்டப்பார்வையை அல்ல. நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும். பின்னால் இழுபட்டு நிற்கும் விழித்திரை அப்படியேதான் நிற்கும். 'கண்ணாடி போய்விட்டதே' என்று வருஷாந்தரச் சோதனையைக் கைவிட்டுவிடக் கூடாது.

என் கதை

என் கண்ணையும் காட்டினேன். மைனஸ் மூன்று. பத்து வருஷமாக மாறவில்லை. கனம், வண்ணப்படம் எல்லாம் திவ்வியம்! "உங்களுக்குத் தாராளமாகச் செய்யலாம்" என்றார் டாக்டர் அம்மாள். உடனே, "இரவில் படுக்கையில் எப்படிப் படிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு."

"நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். உங்கள் வயதுக்காரர்கள் படிப்பதற்குக் கண்ணாடி தேடும்போது, நீங்கள் மட்டும் கழற்றிவிட்டுப் படிப்பீர்கள். அது மைனஸ் மூன்று கொடுக்கும் வரம். லேசர் செய்தால் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டாம். ஆனால் சில வருஷத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும். எது உங்களுக்கு முக்கியம் என்று நீங்களே தீர்மானியுங்கள்."

பிழைப்பு முழுவதும் பொடி எழுத்தோடுதான் என்றிருப்பவன் நான். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அப்பத்தாவின் படம்

இரவு திண்டுக்கல் வந்து சேர்ந்தோம். அக்கா யாரோடும் பேசவில்லை. கூடத்துச் சுவரில் எங்கள் அப்பத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. சோடாப்புட்டிக் கண்ணாடியுடன், முகம் நிறையச் சிரிப்பு.

அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, சில வருஷம் சுவரைத் தடவித்தான் நடந்தாளாம். அப்போது திண்டுக்கல் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1985-இல்தான். வாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயும் கண் அறுவையில் தேர்ந்தவரான டாக்டர் வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய காலம் அது. இந்தப் பிரதேசத்துக் கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்கள் நடக்கும். அப்படி ஒரு முகாமில் அப்பத்தாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. அந்த நாளில் புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். அதை மாட்டிக்கொண்டதும் அப்பத்தா முதலில் பார்த்தது மடியில் கிடந்த பேத்தியைத்தான், என் அக்காவை! "கண்ணாடி போட்டப்புறந்தான்டி உன் மூஞ்சியவே பார்த்தேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டோ எடுக்க வந்தவர் கழற்றச் சொன்னபோதுகூடக் கழற்ற மறுத்துவிட்டாளாம்.

அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் மணி அடித்தது. தரகர்!

"அம்மா, நான் சொல்வதைக் கேளுங்கள்" என்றாள் பெண். "கண்ணாடி போட்ட பெண் என்றே சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷம் பவர் நின்று, எனக்கே வேண்டும் என்று தோன்றினால், நானே போய்ச் செய்துகொள்கிறேன். கண் என்னுடையதுதானே?"

அக்கா ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு டெலிபோனை எடுத்து, "பெண் கண்ணாடி போடுவாள். இப்போதைக்குக் கழற்றுவதாக இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இதை எழுதும் வரை அந்தப் பக்கத்திலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.