ஆடிக்காற்றில் நமக்குள்ள பங்கு

ஆடி மாதம் பிறந்து, சங்கரன்கோவிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால், நேர்ந்துகொண்ட பக்தர்கள் ஆடிச்சுற்று சுற்றத் தொடங்குவார்கள். நூற்றொன்று என்றும் அதற்கு மேலும் எண்ணிக்கொண்டு அவர்கள் கோவிலை வலம் வருகிற அதே நாட்களில், ஊரைத் தாண்டித் தேவர்குளம் சாலையில் சென்றால், கரிசல் காட்டின் நடுவே காற்றாலைகள் இரவு பகல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதைக் காணலாம். ‘காத்தாடி’ என்பதுதான் ஜனங்கள் அவற்றுக்கு இட்டு வழங்கும் பெயர். மாலை வெயிலில் இறக்கைகளின் நீண்ட நிழல் உழுது போட்ட நிலத்தின்மீது வந்து வந்து மறைவதையும், அந்நிழலைச் சற்றும் பொருட்படுத்தாமல் வெள்ளாடுகள் தலைகுனிந்து மேய்வதையும் பார்த்து நிற்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரே கேள்விதான் எழுகிறது: இந்தக் காற்று ஈட்டித் தருகிற செல்வத்தில், அது வீசுகிற மண்ணுக்கு உரிய பங்கு எங்கே?

மேற்கு மலை மழையைக் கேரளத்துக்கும் சாரலைக் குற்றாலத்துக்கும் கொடுத்துவிட்டு, நமக்கு வெறும் காற்றை மட்டும் அனுப்புகிறதே என்று குறைபட்டுக்கொள்வது இப்பகுதி விவசாயிகளின் நெடுநாள் வழக்கம். ஆனால் செங்கோட்டைக் கணவாயின் குறுகிய வாயிலில் புகுந்து, நெருக்குண்டு, அதனாலேயே வேகம் பெற்று, தென்காசி, சுரண்டை, சங்கரன்கோவில், கயத்தாறு என்று கிழக்கே விரிகிற அந்தத் தென்மேற்குப் பருவக்காற்றே, மே முதல் செப்டம்பர் வரை மின்சாரமாக மாறுகிறது. 1986-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் அரசு பரீட்சார்த்தமாக நிறுவிய யந்திரங்கள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறனே உடையவை. இன்றோ ஒரே காற்றாலை 2,000, 3,000 கிலோவாட் தருகிறது. தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறனும் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

இந்த வளர்ச்சிக்கு முதலிட்டவர்கள் பெரும்பாலும் வெளியூர் நூற்பாலைகளும் சிமெண்டு ஆலைகளுமே. யந்திரத்தின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள 1990-களில் சட்டம் இடங்கொடுத்தது. இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை எங்கோ இருக்கும் தம் ஆலையின் கணக்கில் ஈடுசெய்துகொள்ளவும் வழியிருந்தது. இதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. பிறர் தயங்கிய காலத்தில் துணிந்தவர்கள் லாபம் அடைவது நியாயமே. ஆயினும் உள்ளூர்க்காரருக்கு மிஞ்சியது பெரும்பாலும் நிலத்தை விற்ற பணமும், காவல்காரர் உத்தியோகமுமே என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

பருவநிலை மாற்றம் என்பது ஏதோ தூரதேசத்துச் சமாசாரம் என்று நாம் இனிச் சொல்லிக்கொள்ள முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டித் தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடானதை நம் கண்ணாலேயே கண்டோம். 2070-க்குள் கரிப்புகை வெளியேற்றத்தை நிகரப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கை நிறைவேற்றப் புறப்படும் மூலதனத்தில் ஒரு பகுதி இத்திசைக்கே வந்து சேர்ந்துவிட்டது. நெல்லையை அடுத்த கங்கைகொண்டானில் ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்குச் சூரிய மின்தகடுகள் செய்யும் டாட்டா பவரின் தொழிற்சாலையே அதற்குச் சாட்சி. நாம் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கப்போகிறோமா, உள்ளே சென்று பங்கு கேட்கப்போகிறோமா என்பதே கேள்வி.

பங்கு கேட்பதற்கு வழிகள் இல்லாமலில்லை. முப்பது வயதை நெருங்கும் சிறு காற்றாலைகளைக் கழற்றி அதே இடத்தில் பெரியவற்றை நிறுத்தவும், நல்ல நிலையில் உள்ளவற்றைப் பழுதுபார்த்து ஆயுளை நீட்டிக்கவும் 2024-இல் மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்திருக்கிறது. பல்சக்கரப் பெட்டியை இறக்கிச் செப்பனிடவும், விரிசல் கண்ட இறக்கைக்கு ஒட்டுப்போடவும், கோபுர உச்சிக்கு ஏறி எண்ணெய் மாற்றவும் தேர்ந்த கைகள் வேண்டும். அந்தக் கைகளை இவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி தந்து உண்டாக்கினால், பட்டறைகளும் இங்கேயே தோன்றும்.

சங்கரன்கோவிலின் விசைத்தறிகளையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் அரசு இலவசமாகவே தருவதால், ஒன்றிரண்டு தறி வைத்திருப்பவருக்குச் சூரியத் தகடு உடனே லாபமாகத் தோன்றாது. ஆனால் அந்த எல்லையைத் தாண்டி ஓட்டுகிற கூடங்களுக்கு, பகல் முழுவதும் வெயில் காயும் கூரை ஒரு வருமானமே. பூச்சந்தையின் கதையோ இன்னும் உருக்கமானது. விடியுமுன் கைவிளக்கு வெளிச்சத்தில் மொக்காகப் பறித்த மல்லிகையும் பிச்சியும் பொழுது சாய்வதற்குள் விரிந்துவிடும். முகூர்த்த நாளில் பொன்னாக விற்றது, அது கழிந்த மறுநாளே கேட்பாரின்றிச் சரிந்துவிடும். சந்தைக்கு அருகே சூரிய சக்தியில் இயங்கும் குளிர் அறை ஒன்றை விவசாயிகளே கூட்டாக நடத்தினால், மொக்கு விரிவது தாமதப்படும். வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்ப வேண்டிய நிர்ப்பந்தமும் தளரும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியை அறிந்துகொள்ள வேண்டும். 2006-ஆம் ஆண்டு அவ்வூராட்சி, தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தனக்கே சொந்தமாக வாங்கியது; தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தைக் கொண்டே கடனை அடைத்தது. ஒரு கிராம ஊராட்சிக்குச் சாத்தியமானது, பருவந்தோறும் காற்று தானே தேடிவந்து வீசுகிற இந்தச் சீமையின் ஊராட்சிகளுக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் எப்படி அசாத்தியமாகும்?

ஊராட்சிக்கு ஒரு காற்றாலை என்று கூடத் தொடங்க வேண்டியதில்லை. நாலைந்து ஊராட்சிகள் சேர்ந்து ஒன்றே ஒன்றை நிறுத்தட்டும். ஆடிச்சுற்றை முடித்து ஊர் திரும்பும் தாய் ஒருத்தி, இடுப்பிலிருக்கும் குழந்தைக்கு அதைச் சுட்டிக்காட்டி, “அதோ, நம்ம காத்தாடி” என்று சொல்லக்கூடிய நாள் வரட்டும்.