பரண்மேல் உறங்கும் வானொலிப் பெட்டி

நம் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டுக் கான்கிரீட் வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் காலம் இது. பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரண்மேலிருந்து இறங்கும் பொருள்கள் பல. பித்தளை அண்டா, மரக்கால், அரிக்கேன் விளக்கு ஆகியவற்றோடு, சில இல்லங்களில் தூசு படிந்த கனமான வானொலிப் பெட்டி ஒன்றும் இறங்குகிறது. மெருகேற்றிய மரக்கூடு, துணி போர்த்திய முகப்பு, பெரிய குமிழ்கள், ஊர்ப் பெயர்கள் அச்சிட்ட கண்ணாடிப் பலகை ஆகியவற்றைக் கொண்ட அப்பெட்டியைப் பேரப்பிள்ளைகள் வியப்போடு பார்க்கின்றனர்.

பித்தளை அண்டாவுக்கு வீட்டில் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. வானொலிப் பெட்டியோ பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்கிறது. அதை எடைக்குப் போடுவதா, பழுது நீக்கிப் பாடவைப்பதா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமெனில், அப்பெட்டிக்குள் இருப்பது என்ன, அதன் ஒலி நம் முன்னோரைக் கட்டிப்போட்டது எதனால், அதைத் தொடும்முன் நாம் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பனவற்றைச் சற்றுப் பொறுமையுடன் பார்த்தல் வேண்டும்.

கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு மதகு

பெட்டியின் பின்பலகையைக் கழற்றினால் கட்டைவிரல் பருமனில் ஐந்தாறு கண்ணாடிக் குமிழ்கள் தென்படும். இவையே வால்வுகள். காற்று முழுவதும் வெளியேற்றப்பட்ட ஒரு குமிழுக்குள் மெல்லிய இழையொன்று செந்தணலாய்ச் சூடேறுகிறது. அச்சூட்டினால் எதிர்த்தகடு மின்னணுக்களை உமிழ்கிறது. எதிரே நிற்கும் நேர்த்தகடு அவற்றைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. இவ்வளவில் மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே பாயும். 1904ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் அம்புரோசு பிளெமிங் உருவாக்கியது இந்த இருதகட்டு வால்வையே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1906இல், அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் இரு தகடுகளுக்கும் நடுவே கம்பி வலையொன்றை வைத்தார். சிறு மாற்றந்தான், ஆயினும் அதன் விளைவு பெரிது! ஏரி மதகின் பலகையை ஒருவர் இரண்டு விரற்கடை உயர்த்தினாலும் கழனிகளுக்குப் பெருவெள்ளம் பாய்கிறதன்றோ? அதைப் போலவே, வலையில் நேரும் சிறு மின்மாற்றம் தகடுகளுக்கிடையே ஓடும் பெரும் மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. காற்றில் வந்த மெல்லிய அலை, அறை நிறைக்கும் குரலாக வலுப்பெறுவது இவ்வாறுதான். இப்பணியைச் செய்யும் பகுதியே ஆம்ப்ளிஃபயர் எனப்படுகிறது.

1931ஆம் ஆண்டு பெப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலி வழியாகத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதரின் குரல் கடல்களைக் கடந்து ஒலித்தது. அக்குரலை உலகெங்கும் தாங்கிச் சென்றவையும் வால்வுகளே. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் வால்வுகள் வீட்டுக் கருவிகளிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டன.

கேட்டறிந்த தலைமுறை

தமிழ்நாட்டில் 1924ஆம் ஆண்டு சென்னையில் வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றுக்கொண்டது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. அந்நாளில் தருமபுரி, சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1965 அக்டோபர் 2 அன்றுதான் தனி மாவட்டமாயிற்று.

வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும் என்னும் விதி 1980களின் நடுப்பகுதி வரை நடைமுறையில் இருந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் 90 வோல்ட்டுக் கட்டை மின்கலத்தால் இயங்கும் வால்வுப் பெட்டிகள் பயன்பட்டன. மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், எந்த நிகழ்ச்சியைக் கேட்பது என்று முன்னரே முடிவு செய்த பிறகுதான் குமிழைத் திருப்ப வேண்டியிருந்தது.

1952இல் நடுவண் அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டன. மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அதற்கு மறுமொழியாகவே 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பெற்றது. பாட்டுக்காக மட்டுமே மக்கள் கேட்டனர் என்று எண்ணிவிடலாகாது. 1960களின் பிற்பகுதியில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் ஏ.டி.டீ. 27 என்னும் நெல் வகையைப் பயிரிட்டனர். அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. செவிவழி வந்த சொல்லை நம்பி விதையை மாற்றிய மக்கள், எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்க வேண்டும்!

நம் நாட்டுப் பெட்டிகளில் அமைந்த வால்வுகள் அனைத்தும் அயல்நாட்டிலிருந்து வந்தவையல்ல. தருமபுரியிலிருந்து நெடுஞ்சாலை வழியே சில மணி நேரத்தில் எட்டக்கூடிய பெங்களூரில், 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளை உற்பத்தி செய்தது. உங்கள் பெட்டியிலுள்ள குமிழைத் துடைத்துப் பார்த்தால் 'பெல்' என்னும் முத்திரை தெரியக்கூடும்.

இனிமையின் காரணம்

வால்வு வானொலியின் ஒலியைக் கேட்டவர்கள் அதை 'இதமான ஒலி' என்கின்றனர். இதில் உண்மை எவ்வளவு, பழமைப் பற்று எவ்வளவு?

எந்த ஆம்ப்ளிஃபயரும் தன் வல்லமைக்கு மேல் உழைக்க நேர்ந்தால் ஒலியைச் சற்றுத் திரிக்கவே செய்யும். டிரான்சிஸ்டர் கருவி எல்லையைத் தொட்டதும் ஒலியலையின் முகட்டைக் கத்தியால் சீவியது போல் வெட்டிவிடும். செவி அதைக் கரகரப்பாக உணரும். வால்வோ முகட்டை மெல்ல மெல்ல வளைக்கிறது. மேலும், ஒற்றை வால்வினால் இயங்கும் சிறு கருவிகள் மூல ஒலியோடு அதன் இருமடங்கு அதிர்வையும் சிறிதளவு சேர்த்துவிடுகின்றன. கீழ் சட்சத்துக்கு மேல் சட்சம் போன்றது அது. ஆகவே அத்திரிபு இசையோடு ஒன்றிப்போய், குரலுக்கு ஒருவகைச் செழுமையைத் தருகிறது.

ஸ்பீக்கரும் மரக்கூடும் இதில் பெரும்பங்கு கொள்கின்றன. அகன்ற காகிதக் கூம்பு கொண்ட அக்காலத்து ஸ்பீக்கர்கள் சிறிதளவு மின்னாற்றலிலேயே நன்கு ஒலிக்கும். வீட்டுப் பெட்டிகளில் பரவலாகக் காணப்பட்ட ஈ.எல். 84 என்னும் வால்வு ஒன்று தரும் ஆற்றல் ஏறத்தாழ 5 வாட்டுதான். இன்று கடைகளில் நூற்றுக்கணக்கான வாட்டு என்று விளம்பரம் செய்யப்படும் கருவிகளைக் கண்டவர்களுக்கு இது நகைப்பைத் தரலாம். ஆனால் ஆற்றலை இரட்டித்தாலும் ஒலி சிறிதளவே உயர்கிறது. செவிக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமெனில் ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். ஆதலின் ஒரு கூடத்தில் நாலைந்து பேர் அமர்ந்து கேட்க 5 வாட்டு தாராளம்.

மறுபுறத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. கருவி கொண்டு அளந்தால், இன்று எளிய விலைக்குக் கிடைக்கும் நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், பழைய வால்வுப் பெட்டியைவிடத் துல்லியமானதே. வால்வில் மட்டுமே உண்மை இசை உண்டென்று கூறி, பல இலட்சம் ரூபாய்க்குக் கருவி விற்போர் உலகெங்கும் உள்ளனர். அவர்தம் சொல்லை நம்பிக் குடும்பச் சேமிப்பைக் கரைக்க வேண்டியதில்லை. பரணில் கிடப்பதை உயிர்ப்பிப்பது வேறு. புதிதாகப் பெருஞ்செலவு செய்வது வேறு.

உடனே மின் இணைப்புக் கொடுக்காதீர்!

பெட்டியை இறக்கியதும் ஆவல் மேலிட்டுச் சுவரிலுள்ள சுவிட்சில் செருகிப் பார்ப்போர் பலர். இது தவறு மட்டுமன்று, ஆபத்துமாகும். வால்வுப் பெட்டிக்குள் 250 வோல்ட்டும் அதற்கு மேலும் உயரழுத்த மின்சாரம் ஓடும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். விவரம் அறியாதவர் உள்ளே கைவைத்தலாகாது. பல்லாண்டுகள் கிடந்த பெட்டியில் மின்தேக்கிகள் உலர்ந்து பழுதாகியிருக்கும். அந்நிலையில் முழு மின்சாரம் கொடுத்தால், எளிதில் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரும் வால்வும் கருகிவிடும்.

எனவே வால்வுக் கருவிகளில் பழகிய மூத்த வானொலி மெக்கானிக் ஒருவரை நாடுவதே முறை. அவர் முதலில் எலி கடித்த கம்பிகளையும் பழைய மின்தேக்கிகளையும் மாற்றுவார். பின்னர் ஒரு குண்டு பல்பைத் தொடரிணைப்பில் வைத்துச் சோதிப்பார். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே பெரும்பழுது உண்டென்பது பொருள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை இயக்கலாகாது என்பதும் அவர் அறிந்த விதி. உதிரிப் பொருள்களைச் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ். பி. சாலையிலும் தேடலாம். கிதார் இசைஞர்கள் இன்றும் வால்வுக் கருவிகளை விரும்புவதால், ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் சில வகை வால்வுகள் புதிதாகவும் செய்யப்படுகின்றன.

இத்தகைய மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் முதுமை அடைந்துவிட்டனர். அவர்களின் கைத்திறனைக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வருவது அரிது. பெட்டியை இன்னும் பத்தாண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பெட்டி இருக்கும். பழுது நீக்குபவர் இருக்கமாட்டார்.

இன்று அதில் எதைக் கேட்பது?

பழைய பெட்டிகள் பெரும்பாலும் மத்திய அலையையும் சிற்றலையையும் மட்டுமே ஏற்பவை, பண்பலையை ஏற்பதில்லை. சிற்றலை ஒலிபரப்புகளும் உலகெங்கும் குறைந்துவிட்டன. 1976 முதல் மணிலாவிலிருந்து நம் இல்லங்களை எட்டிய வேரித்தாஸ் தமிழ்ப்பணியும் 2018இல் சிற்றலையை விட்டு இணையத்துக்கு மாறிவிட்டது.

இருப்பினும் வழி உண்டு. பல பெட்டிகளின் பின்புறம் கிராமபோன் இணைப்புக்கென இரு துளைகள் இருக்கும். பண்பலைப் பெட்டியையோ இசைத்தட்டுக் கருவியையோ கைப்பேசியையோ தக்க கம்பி கொண்டு அங்கே இணைக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 'ஏ.சி./டி.சி.' வகைப் பெட்டிகளில் உலோகச் சட்டத்திலேயே நேர் மின்சாரம் பாயக்கூடும். அத்தகைய பெட்டியோடு கைப்பேசியை இணைப்பது உயிருக்கே உலை வைக்கும். எவ்வகை என்பதை மெக்கானிக் உறுதி செய்த பின்னரே இணைக்க வேண்டும்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். கான்கிரீட் கூடத்தில் கைதட்டிப் பாருங்கள். ஒலி எதிரொலித்து நெளிந்தால், அங்கே எந்தக் கருவியும் தெளிவாகப் பாடாது. தரையில் ஜமக்காளமோ கோரைப்பாயோ, சன்னலில் தடித்த பருத்தித் திரையோ, ஒரு சுவரில் புத்தக அலமாரியோ அமைந்தால் எதிரொலி அடங்கும். வால்வின் வெப்பம் வெளியேறப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சாணாவது இடம் விடவேண்டும். அதன்மேல் துணி விரிப்பதும் பூச்சாடி வைப்பதும் கூடாது.

கூடத்தில் ஒரு மணி நேரம்

இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு செவிக்குழாய்களை மாட்டிக்கொண்டு நான்கு பாடல்களைக் கேட்கின்றனர். வாரத்துக்கு 40 மணி நேரம் எனில் ஒலியளவு 80 டெசிபெல்லுக்கு மேல் போகலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. செவிக்குழாயில் அந்த எல்லையைத் தாண்டுவது எளிது. தாண்டியதைப் பக்கத்தில் இருக்கும் தாயாலும் அறிய முடியாது. கூடத்தில் ஒலிக்கும் பெட்டியோ அனைவர்க்கும் பொது. ஒலி மிகுந்தால் பாட்டியே குறைக்கச் சொல்லிவிடுவார்!

வால்வு சூடேறிப் பேசத் தொடங்க அரை நிமிடம் ஆகும். அதற்குள் பிள்ளைகள் வந்து அமரலாம். சில பெட்டிகளில் உள்ள பச்சைக் கண் மெல்ல ஒளிர்வதைக் காண்பதே அவர்களுக்குப் புதுமை. வாரத்தில் ஒரு மாலை, தாத்தா பாட்டியர் இளமையில் கேட்ட பாடல்களை அதில் ஒலிக்கவிட்டு, அவற்றைப் பற்றி அவர்களையே பேசச் சொல்லலாம்.

ஆகவே நம் விடை இதுவே: பெட்டியின் கூடும் டிரான்ஸ்ஃபார்மரும் நன்றாக இருப்பின் எடைக்குப் போடாதீர்கள்; தகுந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சீர் செய்யவே இயலாதெனின், அதன் வால்வுகளையும் ஸ்பீக்கரையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவை வேறொரு வீட்டின் பெட்டியைப் பாடவைக்கும்.