கிராணி மேசையும் சேவை மைய மேசையும்

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்தில், மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டத் தமிழருக்கு அரசாங்கம் என்பது தோட்ட அலுவலகம்தான். விடியலில் பிரட்டு எனும் ஆள்கணக்குக்கு நிற்பார்கள். பகலெல்லாம் கொழுந்து பறிப்பார்கள். ஊருக்குக் கடிதம் போட வேண்டுமா, பிள்ளை பிறந்ததைப் பதிய வேண்டுமா, சம்பளத்தில் பிடித்தம் ஏன் என்று கேட்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் தோட்ட எழுத்தரான கிராணியின் மேசைக்கே போக வேண்டும். நல்ல மனம் படைத்த கிராணிகள் இருந்தார்கள். ஆனாலும் அவர்களுக்குப் படியளந்தவர் தோட்ட நிர்வாகியான துரை. தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் வழக்கு என்று வந்தால் அந்தப் பேனா தொழிலாளி பக்கம் சாய்வது அரிது.

அன்று ஓய்வு என்பது அச்சம் தந்த சொல். 1951இல் ஊழியர் சேமநிதி வந்த பிறகு, 55 வயதில் கையில் கொஞ்சம் பணம் கிடைத்தது. ஆனால் தோட்டத்தின் லயத்து வரிசை வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை நின்றால் வீடும் போகும். பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் கொடுத்தால்தான் கூரை நிலைக்கும். அரை ஆயுள் உழைத்தவருக்கு ஊரார் மாலை போட்டு அனுப்பினாலும், மறுநாள் எங்கே தங்குவது என்ற கேள்வி அவர் கூடவே போனது.

இன்று தேயிலைச் சரிவுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம்; பல இடங்களில் இயந்திரம் கொழுந்து வெட்டுகிறது. தமிழ்க் குடும்பங்கள் பல, ரிங்லெட், தானா ராத்தா ஊர்களுக்கும் அவற்றைத் தாண்டியும் குடிபெயர்ந்துவிட்டன. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. மனு எழுதும் மேசையும் தோட்டத்தை விட்டு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு வந்துவிட்டது.

கேமரன் மலை 2004 தேர்தலில்தான் தனித் தொகுதியாக முதல் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. எஸ்.கே. தேவமணி, ஜி. பழனிவேல், சி. சிவராஜ் என்று உறுப்பினர்கள் மாறினார்கள். 2018 தேர்தல் முடிவை நீதிமன்றம் செல்லாதென்றது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி பூர்வகுடி உறுப்பினரானார். ஆள் மாறலாம், கட்சி மாறலாம். வாசலில் நிற்பவரின் கவலை மாறுவதில்லை. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையை எட்டிய பாட்டி, பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளை, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவி தாமதமான விதவை. இவர்கள் முதலில் பார்ப்பது உறுப்பினரை அல்ல, மேசையில் இருக்கும் ஊழியரை. எந்த இலாகாவில் எந்தப் படிவம், யாருடைய மனு எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கிராணியின் வேலையை அவர் மக்கள் பக்கம் உட்கார்ந்து செய்கிறார். மலை கண்ட மாற்றங்களில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

நாடாளுமன்றக் கட்டடத்தில் பணிபுரிவோர் நிலையும் இப்போது மாறுகிறது. அவர்களுக்கெனத் தனிச் சேவை அமைத்த 1963ஆம் ஆண்டுச் சட்டம் 1992இல் நீக்கப்பட்டது. அந்தச் சேவையை மீண்டும் அமைக்கும் புதிய சட்டத்தை 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தொகுதிச் சேவை மைய ஊழியர் நிலை வேறு. அவரை அமர்த்துபவர் உறுப்பினர். உறுப்பினர் தோற்றால் பெரும்பாலும் இவர் வேலையும் முடிகிறது. பல ஆண்டு உழைத்தாலும் அரசு ஊழியரின் ஓய்வூதியம் இவருக்கு இல்லை.

ஆகவே, இப்படிப்பட்டவர் விடைபெறும் நாளில் பொன்னாடையும் நினைவுப் பரிசும் மட்டும் போதாது. முடியாத மனுக்களைப் பட்டியலிட்டு, அடுத்து வருபவரை அவர் பக்கத்தில் சில மாதம் உட்கார வைக்க வேண்டும். உறுப்பினர் மாறினாலும் பணிக்காலம் அறுந்துபோகாத விதி வேண்டும். தன் கையெழுத்தால் மற்றவருக்கு உதவித்தொகை வாங்கித் தந்தவர், தன் முதுமைக்கு யாரிடமும் மனுப் போட நேரக் கூடாது.