வண்டியின் மூச்சுப் பெட்டி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டி உதிரிபாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சிவப்புத் துணி மடிப்புகளோடு ஒரு கூம்பு கண்ணில் படும். கோன் ஃபில்டர். ஒரு முனையில் ரப்பர் வாய். அதைக் கார்ப்ரேட்டரின் பின்புறம் செருகி, கிளிப்பை முறுக்கிவிட்டால் போதும். அதற்கு இடம் விடுவதற்காக, சீட்டுக்கு அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றுவார்கள். கம்பெனி ஏர் பாக்ஸ் அதுதான். ஒரு மணி நேர வேலை. முடித்ததும் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஓர் உறுமல் கேட்கும். இத்தனை நாள் மூக்கடைத்துக் கிடந்த வண்டி இப்போதுதான் மூச்சு விடுகிறது என்று தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பல வருடங்களுக்கு முன் என் 350 சிசி வண்டியில் ஆசைப்பட்டு மாட்டினேன். முதல் வாரம் சந்தோஷம். பிறகு கவனித்தேன்: ஊருக்குள் பாதி த்ராட்டிலில் போகும்போது வண்டி ஒரு கணம் தயங்கியது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்ஸரில் படபடவென்று வெடித்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. காற்று தாராளமாகப் போனால் எஞ்சினுக்கு நல்லதுதானே, ஏன் இப்படி என்ற கேள்வியிலிருந்துதான் அந்தக் கறுப்புப் பெட்டியை நான் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் எஞ்சின் குடிக்கும் காற்றின் அளவு. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் அதற்குத் தேவையான காற்று சுமார் 11 கிலோ. கொள்ளளவில் சொன்னால் 9,000 லிட்டருக்கு மேல். தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரி ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது நிறையக் காற்றைக் குடித்துத்தான் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிகிறது.

இந்தக் காற்றை எஞ்சின் சீராக இழுப்பதில்லை. விழுங்கி விழுங்கி இழுக்கிறது. ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது என்றால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு 33 முறை காற்றை இழுக்கும். ஒவ்வொரு முறைக்கும் இடைவெளி 30 மில்லிநொடி. அதில் இன்டேக் வால்வு திறந்திருப்பது ஏறத்தாழ 10 மில்லிநொடிதான். அந்தக் கண நேரத்தில் அது கேட்கும் காற்றின் வேகம், சராசரியைப் போல மூன்று மடங்கு.

வீட்டு மொட்டை மாடித் தொட்டி செய்யும் வேலையை ஏர் பாக்ஸ் இங்கே செய்கிறது. மோட்டார் மெல்ல மெல்ல ஏற்றும் தண்ணீர் தொட்டியில் சேர்ந்திருக்கும். குழாயைத் திறந்தவுடன் வேண்டிய வேகத்தில் கொட்டும். எஞ்சின் விழுங்கும்போது பெட்டிக்குள் காத்திருக்கும் காற்று உடனே கிடைக்கிறது. அது வாய் மூடியிருக்கும் மீதி நேரத்தில் பெட்டி மறுபடி நிரம்பிக்கொள்கிறது. பெட்டி எஞ்சினின் சிசியைப் போலப் பல மடங்கு பெரிதாக இருப்பது இதனால்தான்.

இன்னொரு வேலையும் உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது அது. காலி சோடா பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதினால் ஒரே ஒரு சுரம் எழும். கழுத்திலுள்ள காற்று ஒரு கட்டி போலவும், வயிற்றிலுள்ள காற்று ஒரு ஸ்பிரிங் போலவும் ஆடுவதால் வரும் ஓசை அது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்ததால் இந்த அமைப்புக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. ஏர் பாக்ஸும் அதன் மூக்குக் குழாயும் சேர்ந்தால் அதே பாட்டில்தான். குழாயின் நீளம், வாயின் அகலம், பெட்டியின் கொள்ளளவு ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி, அது எந்தச் சுரத்தில் ஆட வேண்டும் என்று பொறியாளர்கள் முடிவு செய்கிறார்கள். நாம் தினமும் ஓட்டும் நடுத்தர வேகத்தில் பெட்டிக்குள் எழும் அழுத்த அலை, வால்வு திறந்திருக்கும் நேரத்தில் வந்து சேரும்படி அமைத்துவிட்டால், சிலிண்டருக்குள் கொஞ்சம் கூடுதல் காற்று தானாகவே தள்ளப்படும். காசில்லாமல் கிடைக்கும் பிக்கப் அது. இழுப்புச் சத்தத்தை அடக்குவதும் அதே பெட்டிதான். பெட்டி போனால் இரண்டும் போகும். காதுக்கு உறுமல் தெரிகிறது. இழந்த பிக்கப் தெரிவதில்லை. நம் தொடைக்குக் கீழேயே எழும் சத்தத்தைக் காது வேகமாக எடுத்துக்கொள்கிறது.

என் வண்டியின் பிளக் வெளுத்ததற்கு வருகிறேன். கார்ப்ரேட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றுவதில்லை. காற்று அதை உறிஞ்சிக்கொள்கிறது. குறுகலான தொண்டை வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் இறங்கும். அடியில் உள்ள கிண்ணத்தில் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஜெட் வழியாகப் பெட்ரோலை மேலே ஏற்றுகிறது. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பது போல. கம்பெனிப் பெட்டியும் ஃபில்டரும் தரும் சிறிய தடை, தொண்டையின் அழுத்தத்தை இன்னும் சற்று இறக்கி, அந்த உறிஞ்சலுக்கு உதவுகிறது. ஜெட்டின் துளையைக் கம்பெனி முடிவு செய்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். தடையை எடுத்துவிட்டால் காற்று கூடும், உறிஞ்சல் குறையும். கலவையில் பெட்ரோல் பற்றாது. எரிதல் மெதுவாகி, சூடு ஏறும். சைலன்ஸரில் வெடிப்பதும், பாதி த்ராட்டிலில் தயங்குவதும் இதனால்தான்.

விவரம் தெரிந்த மெக்கானிக் மெயின் ஜெட்டைப் பெரிதாக்குவார், ஊசியின் கிளிப்பை ஒரு படி இறக்குவார், ஸ்லோ ஜெட்டையும் பார்ப்பார். வேக்குவத்தில் டயாஃப்ரம் ஏறி இறங்கும் சி.வி. வகைக் கார்ப்ரேட்டரில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் பின்வாயின் விளிம்பில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். மலிவான கோன் ஃபில்டரின் ரப்பர் உதடு பல சமயம் அவற்றை மூடிவிடும். பிறகு எந்த ஜெட் போட்டாலும் வண்டி சரியாகாது. மாட்டும் முன் டார்ச் அடித்துப் பார்த்தால் பிடிபடும் விஷயம் இது, பார்ப்பவர்கள் குறைவு.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கிய வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான். சைலன்ஸர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், கவலை வேண்டாம் என்பார்கள். பாதி உண்மை. சீராக ஓடும்போது ஓர் எல்லைக்குள் திருத்திக்கொள்ளும். முழு த்ராட்டில் திருகும்போது பெரும்பாலான வண்டிகளில் அது சென்சாரைக் கேட்பதில்லை. கம்பெனி எழுதிவைத்த அட்டவணையைத்தான் பார்க்கும். அந்த அட்டவணை பழைய பெட்டிக்காக எழுதியது.

சரி, ஜெட்டையும் அட்டவணையையும் மாற்றியாயிற்று. லாபம் எவ்வளவு? சுத்தமான கம்பெனி ஃபில்டர் 10 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்கு ஈடான அழுத்தத்தை விழுங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது வளிமண்டல அழுத்தத்தில் ஒரு சதவீதம். அந்தத் தடையை முழுவதுமாக நீக்கினாலும் கிடைப்பது ஒரு சதவீதக் கூடுதல் காற்று. இப்போது நஷ்டத்தைப் பாருங்கள். கம்பெனி மூக்குக் குழாய் கூடியவரை குளிர்ந்த இடத்திலிருந்து காற்றை எடுக்கிறது. கோன் ஃபில்டர் உட்கார்ந்திருப்பது சூடான சிலிண்டருக்கு நேர் பின்னால். 35 டிகிரிக் காற்றுக்குப் பதில் 55 டிகிரிக் காற்று போனால், அதன் அடர்த்தி 6 சதவீதம் குறைவு. அக்னி நட்சத்திர வெயிலில் சிக்னலில் நிற்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாதது தூசி. நம் சாலைப் புழுதியில் கணிசமான பங்கு குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள ஆயில் படலம் சில மைக்ரான்தான். அந்த அளவைவிடச் சற்றே பெரிய தூசித் துகள் உள்ளே நுழைந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஒரு ஃபில்டர் தூசியில் 99.5 சதவீதத்தைப் பிடிக்கிறது, இன்னொன்று 98 சதவீதத்தைப் பிடிக்கிறது என்றால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் எஞ்சினைத் தேய்ப்பது பிடிபட்ட தூசி இல்லை, தப்பித்த தூசி. முதலாவதில் தப்புவது அரை சதவீதம், இரண்டாவதில் இரண்டு சதவீதம். நான்கு மடங்கு! ஐ.எஸ்.ஓ. 5011 என்ற பரிசோதனை முறை இதை அளப்பதற்காகவே இருக்கிறது. அந்த அளவைத் தெரிவிக்காத ஃபில்டரை நான் வாங்கமாட்டேன். எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டர்களில் நல்லவை உண்டு. ஆனால் அவற்றைக் கழுவி, காயவைத்து, சரியான அளவு எண்ணெய் தடவ வேண்டும். செய்யாமல் விட்டால் ஓரிரு வருடத்தில் வண்டி ஆயில் குடித்துப் புகை தள்ளும், பிறகு போரிங் வேலைதான். மழைக்காலத்தில் திறந்தவெளிக் கூம்பு நேராகத் தண்ணீரை வாங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆவியை ஏர் பாக்ஸுக்குத் திருப்பிவிடும் பிரீதர் ஹோஸ் அநாதையாகத் தொங்கினால், எண்ணெய் பின் டயரில் சொட்டவும் கூடும்.

அப்படியென்றால் ரேஸ் வண்டிகள்? சோழவரம் விமான ஓடுதளத்தில் தொடங்கி, 1990 முதல் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடும் மதராஸ் பந்தயங்களில் பெட்டியில்லாத வண்டிகள் ஜெயித்திருக்கின்றன. அங்கே முழு த்ராட்டில்தான் வாழ்க்கை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிளக்கைப் பார்த்து ஜெட் மாற்றுவார்கள். எஞ்சினை அடிக்கடி பிரித்து ரிங் மாற்றுவார்கள். ஆனால் அதையும் தாண்டிய ஒரு செய்தி இருக்கிறது. 1990-ல் கவாஸாகி தன் இஸட்.எக்ஸ். 11 வண்டியில், முன்பக்கத் துளை வழியாக எதிர்காற்றை வாங்கி அடைத்துத் தரும் ஏர் பாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று மோட்டோ ஜி.பி. களத்தில் ஓடும் வண்டிகளிலும் ஏர் பாக்ஸ் இருக்கிறது. வேகமே தொழிலானவர்கள் அந்தப் பெட்டியைத் தூக்கி எறியவில்லை, பெரிதாக்கினார்கள்.

என் வண்டியில் பழைய பெட்டியை மறுபடி மாட்டி, புதுப் பேப்பர் ஃபில்டர் போட்டேன். தயக்கம் போயிற்று. சில நூறு கிலோமீட்டரில் பிளக் காபித்தூள் நிறத்துக்குத் திரும்பியது. உங்கள் வண்டி மூச்சுத் திணறுகிறது என்று தோன்றினால், முதலில் பெட்டியைத் திறந்து ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அதை மாற்றி வருடக்கணக்காகியிருக்கும். அதற்குப் பிறகும் கூம்பு மாட்டத்தான் போகிறீர்கள் என்றால் ஜெட், பிரீதர் ஹோஸ், மழை மூடி மூன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். கழற்றிய பெட்டியை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.